காலில் கண்ட கட்டிகள்

அரசியம்மையின் வைத்தியசாலையில் மாசானம் மூத்த சீடன். கைராசிக்காரன் என்று ஊர் சொன்னது. ஊருக்கு முன்பே அதை நம்பியவன் அவன்தான்.

அவனுடைய அண்ணன் ஆவுடையப்பன் ஒருநாள் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். இரண்டு கால்களிலும் சிவந்த கட்டிகள். தொட்டால் துடித்தார். கணுக்கால் வேறு வீங்கியிருந்தது.

மாசானம் பற்றுப் போட்டான். கட்டிகள் கூடின. பற்றை மாற்றினான். இன்னும் கூடின. காலை நீட்டிப் படுக்கச் சொன்னால் அண்ணன் படுப்பதாக இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

"சொன்னதைக் கேட்டா கொறஞ்சா போயிருவ?" என்று சத்தம் போட்டான். சத்தம்தான் பெரிது, உள்ளே பயம். தகப்பன் இல்லாத வீட்டில் அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அந்த அண்ணன்.

கடைசியில் குருவிடம் போய் நின்றான்.

"அம்மா, நோவு எங்க இருக்குன்னே பிடிபடல."

அரசியம்மை வந்தார். காலைப் பார்த்தார். குனிந்திருந்த முதுகை அதைவிட நெடுநேரம் பார்த்தார்.

"மாசானம், நீ வெளிய போ."

"நானா?"

"நீதான்."

அம்மை கதவைச் சாத்தினார். மாசானம் கதவோரமே நின்றான். பிறகு அண்ணன் அழுகிற சத்தம் கேட்டது.

அம்மை வெளியே வந்தார்.

"ஆம்புலன்சுக்குச் சொல்லு. பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே போகணும். கணையம் வெந்து கெடக்கு."

"கட்டி கால்லல்லா இருக்கு!"

"கணையத்து நீர் ரத்தத்துல கலந்து, தோலுக்கு அடியில இருக்க கொழுப்பை அரிக்குது. சிலருக்குக் காலு, சிலருக்கு மூட்டு. இவருக்கு வயித்து வலியும் இருக்கு, முதுகு வரைக்கும் பாயுது. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு. மறுபடி குடிச்சிருக்காரு."

மாசானம் திகைத்துப்போனான். போன கோயில் கொடைக்கு அம்மன் சன்னதியில் அண்ணனைச் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணவைத்தவன் அவன். "இனி குடிச்சா என் மூஞ்சியில முழிக்காத" என்று ஊர் கேட்கச் சொன்னவனும் அவன்தான்.

வண்டி வந்தது. அண்ணனைத் தூக்கி ஏற்றினார்கள். அவர் தம்பியின் பக்கம் திரும்பவே இல்லை.

"பொழச்சுக்கிடுவாராம்மா?"

"தெரியல. தாமசமாயிட்டு."



"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் வைத்தியன்தானம்மா?"

"வைத்தியனைத் தேடித்தான் வந்தாரு, மாசானம். இங்க சத்தியம் வாங்கினவன்லா இருந்தான்."