தமுக்கு சொன்ன வேதம்

ராயசம் பூவலிங்கம் பிள்ளை சந்தியாகு உபதேசியாரைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் வேலாங்கரைச் சந்தையில் ஓர் உப்பு வியாபாரியிடம் வாதத்தில் தோற்றுக்கொண்டிருந்தார். தோற்றும் சிரித்துக்கொண்டிருந்தார். அது ஆடி மாதம். ஆவணியில் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. செய்தி வந்த அன்று பூவலிங்கத்துக்கு அழுகை வரவில்லை. நாலு வருஷத்துக்கு முந்தைய தமுக்குச் சமாசாரம் நினைவுக்கு வந்து சிரிப்புத்தான் வந்தது.

பூவலிங்கம் வேலாங்கரைப் பாளையத்து அரண்மனையில் ஓலை எழுதும் ராயசம். நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். சந்தியாகுவோ கத்தோலிக்க வேதத்தை ஊர் ஊராகச் சொல்லித் திரிகிறவர். செவ்வாய்க்கிழமை தவறாமல் சந்தைப் புளியமரத்தடியில் நிற்பார். வண்டிக்காரனோ வளையல்காரியோ, முன்பின் தெரியாத யார் வந்தாலும், "சாப்பிட்டாச்சா?" என்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். அந்த ஒரு குணத்துக்காகவே பூவலிங்கத்துக்கு அவரைப் பிடிக்கும்.

அரண்மனை மந்திரியான பிரதானி திம்மப்பருக்கு அவரைப் பிடிக்காது. நாலு வருஷத்துக்கு முன் ஒரு நாள் சபையில் முறையிட்டார்.

"மகாராஜா, சந்தைக்குப் போகிற ஜனம் கத்தரிக்காய் வாங்குகிறதா, கதை கேட்கிறதா? அந்த ஆளை நிறுத்த வேண்டும்."

பாளையக்காரர் எர்ரப்ப நாயக்கர் வெற்றிலை மென்றபடி சொன்னார்: "ராயசம், உத்தரவு எழுதும். இனிச் சந்தையில் அந்த ஆள் வேதம் பேசினான் என்று தெரிந்தால் எல்லைக்கு வெளியே விரட்டிவிடலாம்."

பூவலிங்கம் எழுதினார். 'சந்தையில் எவரும் சாமி பற்றிப் பேசக் கூடாது.' அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சேவகர்கள் பதினான்கு பேரைப் பிடித்து வந்தார்கள். சந்தியாகு அதில் இல்லை. திருப்புகழ் பாடிய பண்டாரம் இருந்தார். முருகன் மேல் ஆணையிட்டுக் கிழட்டு மாட்டை விற்ற தரகன் இருந்தான். கடைசியாகப் பிரதானியின் மாமியார். காலில் கல் இடித்ததும், "சிவ சிவா" என்றிருக்கிறாள்.

"மாப்பிள்ளை, இதற்குத்தான் உமக்குப் பெண் கொடுத்தேனா?" என்று அந்த அம்மாள் சபையிலேயே கேட்டாள்.

நாயக்கருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன உத்தரவு ஐயா இது?"

"மகாராஜா, எந்தப் பேச்சு கூடாது என்று விவரமாகச் சொல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்" என்றார் பூவலிங்கம்.

"அப்படியானால் விவரமாக எழுதும்!" பிரதானி கத்தினார். "ஒன்றுகூட விடக் கூடாது. அந்த ஆளையே கேட்டு எழுதும். பாளையத்து ஏழு சந்தையிலும் தமுக்கடிக்கச் சொல்கிறேன். கூலி நான் கொடுக்கிறேன்!"

பூவலிங்கம் அன்றே சந்தியாகுவைத் தேடிப் போனார். ஒரு நாள் முழுக்க அவர் சொல்லச் சொல்ல எழுதினார். நடுவில் உபதேசியாருக்குச் சந்தேகம் வந்தது.

"பிள்ளைவாள், இதெல்லாம் நான் சொல்லக் கூடாது என்பதற்கா எழுதுகிறீர்?"

"ஆமாம். நீர் சந்தையில் வாயே திறக்கக் கூடாது. என் மேல் ஆணை. ஒன்றும் விட்டுப்போகவில்லையே?"

உபதேசியார் ஓலையை எட்டிப் பார்த்தார். "மாதாவை விட்டுவிட்டீரே" என்றார்.

தமுக்கடிக்கிற கருத்தாண்டிக்கு நல்ல குரல். தம் தம் என்று தட்டிவிட்டு ஆரம்பித்தான்.

"சகலமான பேருக்கும் தெரிவிக்கிறது! சர்வேசுரனுடைய குமாரன் கன்னிமரியாயிடத்தில் மாட்டுக் கொட்டிலில் பிறந்தார் என்று எவரும் சொல்லக் கூடாது! தம்மைச் சிலுவையில் அறைந்தவர்களை மன்னித்தார் என்று சொல்லக் கூடாது! பூசை வைக்கிற சுவாமியாரிடம் பாவத்தைச் சொன்னால் மன்னிப்பு உண்டு, அவர் அதை உயிர் போனாலும் வெளியே விடமாட்டார் என்று சொல்லக் கூடாது!"

கத்தரிக்காய் கூறு போட்டிருந்தவள் நிமிர்ந்தாள். "வெளியே விடவே மாட்டாராமா? நிசமாவா?"

"எனக்கென்ன தெரியும் ஆத்தா? ஓலையிலே அப்படி இருக்கு."

"கொட்டில்லயா பெத்தா? பாவம், ஒரு வீடு கிடைக்கலியா?" என்றாள் வளையல்காரி. "திரும்ப அடி, முதல்லேருந்து சொல்லு."

கருத்தாண்டி திரும்ப அடித்தான். புளியமரத்தடியில் சந்தியாகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட நின்றார்.

மாதம் முடிவதற்குள் ஏழு சந்தையிலும் அந்தக் கதை தெரியாத ஆள் இல்லை. பிரதானி சபைக்கு ஓடிவந்தார்.

"மகாராஜா! அந்த ஆள் உத்தரவை மீறிவிட்டான். என் வீட்டு வேலைக்காரி பாத்திரம் துலக்கிக்கொண்டே முழுசாக ஒப்பிக்கிறாள். இன்றே விரட்ட வேண்டும்!"

நாயக்கர் ராயசத்தைப் பார்த்தார். "யார் பேசியது என்று விசாரித்தீரா?"

"விசாரித்தேன், மகாராஜா. சந்தியாகு ஒரு மாதமாக, 'சாப்பிட்டாச்சா' என்றுகூட யாரையும் கேட்கவில்லை. ஆனால் ஏழு சந்தையிலும் உரக்கப் பேசிய ஆள் ஒருவன் உண்டு. ஆயிரம் பேர் சாட்சி."

"யார் அவன்?" பிரதானி துள்ளினார். "அவனையும் விரட்டும்! அவனுக்குத் துணை போனவனையும் சேர்த்து விரட்டும்!"

"பேசியவன் தமுக்கடிக்கிற கருத்தாண்டி, மகாராஜா. கூலி கொடுத்து ஊர் ஊராக அனுப்பியவர் பிரதானி. இருவரையும் எந்த எல்லையில் கொண்டுபோய் விடட்டும்?"

நாயக்கர் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு பட்டு அங்கவஸ்திரம் பாழாயிற்று. சிரித்து ஓய்ந்து, "உத்தரவு ரத்து. தமுக்கை நிறுத்தும். அந்த மனுஷன் வாயிலிருந்து கையை எடுக்கட்டும்" என்றார். பிறகு தோளில் கிடந்த சால்வையை எடுத்துப் பூவலிங்கத்திடம் கொடுத்தார்.

கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏன் ராயசம், மூன்றாம் நாள் விடியக்காலையில் கல்லறைக்குப் போனாளே ஒரு பெண், அவள் அங்கே யாரைப் பார்த்தாள்? தமுக்கில் அது சரியாகக் கேட்கவில்லை."

"அதைச் சந்தியாகுவைத்தான் கேட்க வேண்டும், மகாராஜா. செவ்வாய்க்கிழமை சந்தையில் இருப்பார்."

நாயக்கர் சந்தைக்குப் போனார்.

நாலு வருஷம் கழித்து, அந்த ஆவணியில், சந்தியாகு உபதேசியாரை அவர் சொல்லியிருந்தபடி ஆற்றங்கரையில் அடக்கம் செய்தார்கள். மண் மேட்டின் மேல் மரச்சிலுவை ஒன்று இருக்கிறது.