அழிக்கக் கூடாத பொய்

ஆளில்லாத ஊரைக் காப்பது எளிது என்று நினைப்பவர்கள் மங்கையர்க்கரசியோடு ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். புயலில் அழிந்த நொச்சித்துறை இப்போது வரலாற்றுப் பூங்கா. அவள் அதன் காப்பாளர். இடிந்த சுவர்களில் வந்தவர்கள் வரைந்த இதயங்களைத் தேய்த்துத் தேய்த்தே அவளுடைய பிரஷ்கள் மொட்டையாகிவிட்டன. புயலுக்குப் பின் எழுதியதை அழிக்க வேண்டும். முன் எழுதியதைத் தொடக் கூடாது. அதுதான் விதி.

அப்படித் தொடக் கூடாத ஒன்று, மீன் சேமித்து வைத்த பழைய கிட்டங்கியின் சுவரில் ஆணியால் கீறியது: 'கருவாடு திருடியவன் தொம்மை.' உப்புக்காற்று அரித்து, இப்போது அதை யாராலும் படிக்க முடியாது. ஆனாலும் வழிகாட்டி ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்த வரியை ராகம் போட்டுச் சொல்வான். கூட்டம் சிரிக்கும்.

ஒரு ஞாயிறு காலை கயத்தான் என்ற முதியவர் உப்புத்தாளோடு வந்தார்.

"யம்மா, இதை எழுதினது நான்தான். திருடினதும் நான்தான். அப்போ பதினேழு வயசு. பழி என்மேல வந்துரக் கூடாதுன்னு எழுதிட்டேன். அழிச்சிட்டுப் போயிடுறேன்."

"அது தொல்பொருள், ஐயா."

"என் கையெழுத்து எப்பம்மா தொல்பொருளாச்சு?"

"எழுதினவரே உயிரோட வந்து நிப்பார்னு விதி போட்டவங்களுக்குத் தோணலை."

மன்னிப்புக் கேட்பதற்காகக் கயத்தானே வரச் சொல்லியிருந்த ரோஸ்லின், தொம்மையின் பேத்தி, சுவருக்கும் அவருக்கும் நடுவே நின்றாள்.

"அழிச்சா நீங்க தப்பிச்சிருவீங்க. இதால எங்க தாத்தாவை மாதா தேர்வடத்தைத் தொட விடலை. திருடன்ங்கிற பேரோடயே செத்தார். கீழேயே எழுதுங்க, திருடினது கயத்தான்னு."

அவர் குனிந்து ஆணி தேடத் தொடங்கினார். மங்கையர்க்கரசி உப்புத்தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அழிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. உங்களை விட்டா, நாளைக்கு இதயம் வரைஞ்சவன் எல்லாம் நியாயம் கேட்டு வருவான். என் உயிரை வாங்காதீங்க."

அந்த நேரம் பார்த்து வழிகாட்டி அடுத்த கூட்டத்தோடு வந்து தொண்டையைச் செருமினான்.

அழிக்க வந்தவர், எழுதச் சொன்னவள், இரண்டையும் மறுத்தவள். இம்மூவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: ரோஸ்லின் பக்கம். அவள் காட்டிய இடம்தான் தவறு. படிக்க முடியாத கீறல் யாரையும் திருடனாக்குவதில்லை. வழிகாட்டியின் வாய்தான் ஆக்குகிறது. விதியோ சுவருக்குத்தான், வாய்க்கு இல்லை. இது மங்கையர்க்கரசிக்கும் அப்போதுதான் உறைத்தது. வழிகாட்டியை நகரச் சொல்லி, அந்த இடத்தில் கயத்தானை நிறுத்தினாள்.

"நீங்களே சொல்லுங்க, ஐயா."

"இத்தனை பேர் முன்னாலயா? தேய்ச்சிட்டுப் போறது லேசாச்சேம்மா."

"தெரியும்" என்றாள்.

ரோஸ்லின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்வரிசைக்கு வந்து நின்றாள்.