பனிக்குள் இரண்டு கைகள்

ஹூஸ்டனுக்கு வெளியே இருந்த அந்தப் பள்ளி மைதானத்தைக் காலைப் பனி மூடியிருந்தது. கோல் கம்பங்களின் கீழ்ப்பாதி காணாமல் போய், மேல்பாதி மட்டும் வானத்தில் மிதந்துகொண்டிருந்தது. தாஸ் அண்ணனைத் தேடிக்கொண்டு பரிதி பனிக்குள் நடந்தான். பொட்டுத் தூக்கம் இல்லாத கண்ணுக்கு எல்லாமே கனவு மாதிரிதான் தெரிந்தது.

பரிதி அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறவன். பெயர்தான் கால்பந்து, முக்கால்வாசி நேரம் பந்து கையில்தான் இருக்கும். அதிலும் அவனுடையது யாருக்கும் வேண்டாத வேலை. முன்னால் குனிந்து, உரிக்காத தேங்காய் போலிருக்கும் பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் எறிய வேண்டும். அங்கே முட்டி போட்டிருப்பவன் அதைப் பிடித்துத் தரையில் நிறுத்துவான். மூன்றாமவன் ஓடி வந்து கம்பங்களுக்கு நடுவே உதைப்பான். கைதட்டலெல்லாம் உதைத்தவனுக்கு. தப்பிப் போனால் மட்டும் எறிந்தவன் யாரென்று தேடுவார்கள்.

பள்ளியில் அந்த இடம் காலியாக இருந்தது. உடம்பு கனம், ஓட்டம் மந்தம் என்பதால் அது பரிதிக்குக் கிடைத்தது. அவனைக் குனிய வைத்தவர் தாஸ் அண்ணன். நாகர்கோவில்காரர், ஒரு காலத்தில் பெரிய அணியில் இதே வேலையைப் பார்த்தவர். முட்டி போனபிறகு இங்கே பயிற்சியாளராகிவிட்டார். சந்தேகம் என்றால் அடுத்த ஊர் ஆட்டக்காரர்கள்கூட அவரிடம்தான் வருவார்கள். பரிதி குனிந்தபடியே பள்ளியைக் கடந்தான், குனிந்தபடியே கல்லூரியையும் கடந்தான். "என் பிள்ளை ஃபுட்பால்ல குனியுறான்" என்றுதான் அவன் அம்மா இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது தொழில்முறை அணி ஒன்று அவனைக் கூப்பிட்டிருந்தது. இருப்பது ஒரே இடம். அதற்கு வெஸ்லி என்று இன்னொருவனையும் கூப்பிட்டிருந்தார்கள். நாளைக்குத் தேர்வு.

தாஸ் அண்ணன் மைதானத்தின் நடுவில் பந்துப் பையோடு நின்றார்.

"ஏன் டே மூஞ்சி இப்படித் தொங்குது?"

"பந்து பிடிக்கிற அவங்க ஆளுக்குக் கை பிசகிடுச்சாம் அண்ணே. நான் எறியுறதை வெஸ்லி பிடிக்கணுமாம். அவன் எறியுறதை நான் பிடிக்கணுமாம்."

"பிடி."

"விளையாடாதீங்கண்ணே. அவன் வேணும்னே நழுவவிட்டா? பழி என் தலையிலதான் விழும். இத்தனை வருஷம் பட்ட பாடெல்லாம் மண்ணாப் போயிடும்."

"போகும்."

"என் இடத்துமேல கண்ணு வச்சிருக்கிறவன் கையை எப்படிண்ணே நம்புறது?"

தாஸ் அண்ணன் பையை அவன் காலடியில் கவிழ்த்தார். பந்துகள் புல்லில் உருண்டன.

"குனி. இதெல்லாம் தீர்ற வரைக்கும் எறி. திரும்பக் கூடாது. பேசக் கூடாது."

பாக்கெட்டிலிருந்து கறுப்புக் கையுறைகளை எடுத்துக்கொண்டு அவர் பனிக்குள் போனார்.

பரிதி குனிந்தான். உலகம் தலைகீழானது. புல் மேலே கூரையாகத் தொங்கியது. கீழே வெள்ளை வெளேரென்று ஆழம் தெரியாத வானம். இரண்டுக்கும் நடுவே, தோளும் இல்லாமல் முகமும் இல்லாமல், இரண்டு கறுப்புக் கைகள் மிதந்தன.

முதல் பந்தை எறியும்போது மனசு முழுக்க வெஸ்லிதான் இருந்தான். பந்து கோணிக்கொண்டு போனது. கைகள் அதன் பின்னால் பாய்ந்தன. பட்டென்று ஒரு சத்தம். யாரோ பல்லைக் கடித்து மூச்சை இழுத்துக்கொண்டார்கள். கைகள் பந்தோடு திரும்பி வந்தன.

அடுத்தது புல்லை உரசிக்கொண்டு போனது. கைகள் சேற்றில் விழுந்து அதையும் அள்ளின.

பரிதிக்கு அழுகை முட்டியது. முட்டி செத்த மனுஷன் எனக்காகச் சேற்றில் விழுகிறாரே என்று நெஞ்சு இளகியது. இளகிய நெஞ்சோடு கையும் இளகியது. அதன்பிறகு பந்துகள் தாமாகப் போகத் தொடங்கின. பனிக்குள் சுழன்று சுழன்று போய், கூட்டுக்குத் திரும்பும் பறவை மாதிரி அந்தக் கைகளில் அமர்ந்தன. வெஸ்லி மறந்துபோனான். நாளை மறந்துபோனது. எறிவது தான்தானா என்பதுகூட அவனுக்கு நிச்சயமில்லை.

பந்துகள் தீர்ந்தன. துழாவிய விரல்களில் ஈரப் புல் மட்டும் பட்டது.

"அண்ணே," என்றான், குனிந்தபடியே. "அந்த முதல் பந்தை வேற யாரா இருந்தாலும் விட்டிருப்பாங்க. நீங்களா இருக்கப்போய்ப் பிடிச்சீங்க."

"நான் இன்னைக்கு ஒரு பந்தைக்கூடத் தொடலை டே."

குரல் பக்கத்திலிருந்து வந்தது. தாஸ் அண்ணன் அவன் தோளருகே காபிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார்.

பரிதி விருட்டென்று நிமிர்ந்து திரும்பினான். பனிக்குள்ளிருந்து ஓர் உருவம் எழுந்து வந்தது. நெஞ்சுவரை சேறு. வெஸ்லி.

வந்தவன் வலது கையுறையைக் கழற்றினான். முதல் பந்து பட்ட சுட்டுவிரல் வீங்கியிருந்தது. நாளைக்கு அதே விரலால்தான் அவனும் எறிய வேண்டும். அவன் விரலை ஊதிக்கொண்டு, பரிதியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான்.

பரிதியை வெட்கம் பிடுங்கித் தின்றது. வெஸ்லியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தாஸ் அண்ணன் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டான்.

"இவன் எதுக்குண்ணே இங்க வந்தான்?"

தாஸ் அண்ணன் காபியை ஒரு மிடறு குடித்தார்.

"நாளைக்கு உன் கையை எப்படி நம்புறதுன்னு கேக்க வந்தான்."