அரண்மனை அடுப்புக்கு முத்திரை

முன்னொரு காலத்தில் மருதங்குடி நகரத்தை மகரபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் உப்பரிகையில் நின்று எதைப் பார்க்கிறாரோ, அதுதான் அன்றைக்கு நாட்டின் தலையாய பிரச்சினை. ஒருநாள் காக்கையைப் பார்த்துவிட்டார். அன்று சபை முழுக்கக் காக்கையைப் பற்றித்தான் பேசியது.

அப்படி ஒரு காலையில் எதிரேயிருந்த அல்லிக்குளத்தைப் பார்த்தார். படிக்கட்டு நிறைய ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"யார் இவர்கள்?" என்று சபையில் கேட்டார்.

"வேலை இல்லாதவர்கள், மகாராஜா" என்றார் மந்திரி குணசீலர்.

நகர அதிகாரி நாகலிங்கம் சட்டென்று எழுந்தார். அவருக்கு மந்திரி உட்காரும் ஆசனத்தின் மேல் நெடுநாளாக ஒரு கண். "என்னிடம் விடுங்கள். ஒரு வாரத்தில் ஒழித்துக் காட்டுகிறேன்" என்றார்.

மறுநாளே தண்டோரா போட்டார்கள். குளக்கரையில் யாரும் உட்காரக் கூடாது. வேலை இல்லாதவர்கள் தலையில் கூடை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். நகரமே வெறுங்கூடையோடு நடக்க ஆரம்பித்தது. உப்பரிகையிலிருந்து பார்த்த ராஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாகலிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"கூடை காலியாக இருக்கிறதே, மகாராஜா" என்றார் மந்திரி.

"உமக்குப் பொறாமை" என்றார் ராஜா. "இவரைவிட நன்றாகச் செய்ய முடியுமென்றால் பௌர்ணமிக்குள் செய்யும். இல்லாவிட்டால் உமது ஆசனம் இவருக்கு."

மந்திரி முகம் மாறவில்லை. நாகலிங்கத்தைப் பார்த்து, "இந்த நகரத்தில் தொழில் நடத்த உங்கள் முத்திரை வேண்டுமல்லவா?" என்றார்.

"என் முத்திரை இல்லாமல் ஒரு அடுப்புகூட எரியாது."

"ஒன்றுகூடவா?"

"ஒன்றுகூட."

"அரண்மனையும் நகரத்துக்குள்தானே இருக்கிறது?"

நாகலிங்கத்துக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "நகரம் என்றால் முழு நகரமும்தான்" என்றார். ராஜாவும் தலையாட்டினார்.

மறுநாள் காலை ராஜாவுக்குப் பலகாரம் வரவில்லை. மடைப்பள்ளி அடுப்பில் தண்ணீர் ஊற்றியிருந்தது.

"முத்திரை இல்லாத அடுப்பு, மகாராஜா" என்றார் மந்திரி. "தாங்களே போய் வாங்கிவிட்டால் சீக்கிரம் முடியும். மகுடம் மட்டும் வேண்டாம், காத்திருப்பவர்கள் பயந்துவிடுவார்கள்."

பசி மிகுந்த ராஜா துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். முத்திரை அலுவலகம் குளத்துக்கு நேர் எதிரே இருந்தது. கதவு சாத்தியிருந்தது. நின்று நின்று கால் வலிக்க, ராஜா குளத்துப் படியில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு பெண் கூடையை மறைவாக இறக்கி வைத்துவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்தாள். பெயர் சோலையம்மாள். ராஜாவை அவள் கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

"நீங்க எதுக்குங்க வந்தீங்க?"

"அடுப்புக்கு. நீ?"

"புட்டுக்கடைக்கு. என்னோட நாலு பொம்பளைங்களுக்கு அதுல வேலை இருக்கு. இந்தப் பௌர்ணமி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் பிள்ளைங்களைக் கூட்டிட்டு ஊரைவிட்டே போயிடுவேன். நீங்க எம்புட்டு நாளா வர்றீங்க?"

"இன்று காலையிலிருந்து."

"அப்ப புதுசு" என்றாள் சோலையம்மாள்.

ராஜா மெதுவாகக் கேட்டார். "அப்படியானால் இங்கே இருப்பவர்கள் வேலை இல்லாதவர்கள் இல்லையா?"

"எல்லாருக்கும் தொழில் இருக்குங்க. முத்திரைதான் இல்ல. கிழக்குச் சுவத்துல பல்லி சொன்னாத்தான் அதிகாரி முத்திரைப் பெட்டியைத் திறப்பாரு. விளக்கு இருக்கறது மேற்குச் சுவத்துல. பூச்சியும் அங்கதான். பல்லி எதுக்குங்க கிழக்க வருது?"

அதற்குள் காவலன் தடியைத் தட்டி, ராஜாவிடமும் ஒரு கூடையை நீட்டினான். "உட்காரக் கூடாதுய்யா. கூடையை எடுத்து நட."

மருதங்குடி மன்னர் வெறுங்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு குளத்தைச் சுற்றினார். மூன்றாம் சுற்றில் நாகலிங்கம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். உயிர் போகிற மாதிரி ஓடிவந்தார்.

"மகாராஜா, தாங்களா? இதோ, இந்த நிமிஷமே முத்திரை போடுகிறேன்."

"பல்லி சொல்லிற்றா?"

"தங்களுக்குப் பல்லி எதற்கு, மகாராஜா?"

"இவளுக்கு மட்டும் எதற்கு?" என்று பின்னால் கூடையோடு வந்த சோலையம்மாளைக் காட்டினார் ராஜா.

ராஜாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. அந்தப் பொன்னாடையைப் போர்த்தியது அவர்தானே. முத்திரைப் பெட்டியை அங்கேயே வாங்கி, அதற்குள் வந்து சேர்ந்திருந்த மந்திரியிடம் கொடுத்தார். "ஆசனம் உம்முடையதுதான். கேட்கிறவர்களுக்கு அன்றன்றே பதில் சொல்லிவிடும்."

பொழுது சாய்வதற்குள் எல்லாருக்கும் முத்திரை கிடைத்து, குளக்கரை காலியாகிவிட்டது. நாகலிங்கத்துக்கு வேலை போனது. வேலை இல்லாதவர்கள் கூடையோடு நடக்க வேண்டும் என்ற சட்டத்தை ராஜா உடனே ரத்து செய்யவில்லை. நாகலிங்கம் ஒருவர் மட்டும் நடந்துகொண்டிருந்தார்.

நாலு நாள் பார்த்துவிட்டுச் சோலையம்மாள் கடையிலிருந்து கூப்பிட்டாள். "தேங்காய் துருவ ஆள் வேணும். வர்றீங்களா?"

"எப்போது வரட்டும்?"

"அடுப்பு எரியுதுல்ல. இப்பவே வாங்க."

நாகலிங்கம் கூடையை இறக்கினார். பழக்க தோஷத்தில் கிழக்குப் பக்கம் அண்ணாந்து பார்த்தார். கடை புதுசு. பல்லி இன்னும் குடி வரவில்லை.