உழக்கின் அடியில் மெழுகு

பூரணி அம்மையின் வைத்தியசாலையில் குருவைவிடச் சீடருக்குத்தான் வயது கூட. சீடர் சிங்காரம் அறுபதைத் தொட்டவர். அமாவாசைதோறும் மூட்டுவலித் தைலத்தை உழக்கால் அளந்து கொடுப்பது அவர் பொறுப்பு. ஒரு உழக்குத் தைலம் அடுத்த அமாவாசை வரைக்கும் காணும்.

எள் விலை ஏறியது. தைலத்தின் விலையையும் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றார் அம்மை.

"புதுசா வர்றவங்ககிட்டச் சொல்லிடலாம். வருஷக்கணக்கா வர்றவங்ககிட்ட எப்படிம்மா சொல்றது?" என்று கேட்டார் சிங்காரம்.

"வாயாலதான்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். சிங்காரத்துக்கு வாய் இருந்தது, முகத்தை முறித்துக்கொள்ளத்தான் தைரியம் இல்லை. பழைய விலையையே வாங்கிக்கொண்டு, தேன்மெழுகை உருக்கி உழக்கின் உள்ளே அடியில் ஊற்றி அளவைக் குறைத்துவிட்டார். யார் மனமும் நோகவில்லை என்று அவருக்கு ஒரு நிம்மதி. நல்ல மனசுதான், கொஞ்சம் கோழை மனசும்கூட.

மறு அமாவாசைக்கு முதல் ஆளாக வந்தவர் மாட்டுவண்டிக்காரர் வேலாண்டி. அவர் மனைவிக்கு முழங்கால் வலி.

"போன தடவை தைலம் நாளுக்கு முந்தியே தீந்துபோச்சும்மா. ராவெல்லாம் வலியில அழுதா."

"கூடுதலாத் தேய்ச்சீங்களா?" என்றார் அம்மை.

"இல்லம்மா. மருமகதான் அவ ஆத்தாளுக்கு எடுத்துக் குடுத்திருக்கா. கேட்டா, கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்றா. நேத்து அவ ஊருக்கே போகச் சொல்லிட்டேன்."

சிங்காரம் உழக்கின் வாயைக் கையால் மூடிக்கொண்டார். அம்மை அவர் பக்கம் திரும்பவில்லை. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தைலச் சட்டியைக் காட்டினார்.

"இன்னைக்குச் சூடாவே அளந்து குடுங்க."

ஆறிய பிறகு அளப்பதுதான் அங்கே வழக்கம். சூடு பட்டால் மெழுகு இளகி வந்துவிடும். தெரிந்துதான் சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா? சிங்காரம் உழக்கைச் சட்டிக்கு மேலே கொண்டுபோனார். கை இறங்க மறுத்தது.

"சீக்கிரம் ஊத்துங்கய்யா, மாடு வெயில்ல நிக்குது" என்று தூக்குவாளியை நீட்டினார் வேலாண்டி.

சிங்காரம் உழக்கைக் கவிழ்த்தார். நகத்தால் மெழுகைப் பெயர்த்து வேலாண்டியின் கையில் வைத்தார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வண்டிகூடக் கட்டல நான்" என்றார் வேலாண்டி. "நடந்தே போச்சு அந்தப் புள்ள."

சிங்காரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. "விலை ஏறிடுச்சுன்னு சொல்ல வாய் வரல வேலாண்டி. இப்பவே உன்கிட்டச் சொல்லிடறேன்."

அம்மை அவர் கையிலிருந்து உழக்கை வாங்கிக்கொண்டார்.

"விலையை இவர்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லுங்க."