வெயில் இல்லாத வேர்வை

அந்தக் காலத்தில், உப்பு வாருகிற மனுசரும் தவளையும் ஒரே வரப்பில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசின காலத்தில், மனுசனுக்கு ஒரே ஒரு வேர்வைதான் இருந்தது. வெயிலில் நின்றால் வேர்க்கும், நிழலுக்கு வந்தால் காய்ந்துவிடும். உடம்புக்குள்ளே என்ன கோளாறு வந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. நின்றவன் நின்ற இடத்திலேயே விழுவான், போய்ச் சேருவான். சுற்றி நிற்கிறவர்கள் "விதி" என்று உச்சுக்கொட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். விதியாம் விதி! இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் எடுத்துச் சொல்லத் தவளை இருந்தது. அந்தக் காலத்துத் தவளைக்கு ஓணானைப் போலக் காய்ந்த தோல். ஈரமண்ணில் வயிற்றை அப்பிக்கொண்டு கிடக்கும். யார் நடந்தாலும் காலடி மண் வழியாக அதன் வயிற்றுக்குக் கேட்கும். காலடியோடு சேர்ந்து நெஞ்சு அடிப்பதும் கேட்கும். அந்த அடி தப்பினால் தவளை தலையைத் தூக்கி, "ஏ, நில்லு! உக்காரு மொதல்ல!" என்று கத்தும். உட்கார்ந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

எல்லா ஊரிலும் தவளைக்கு மரியாதை இருந்தது, கடற்கரை உப்பளத்தைத் தவிர. அளத்துக்காரர்களுக்கு மழை என்றால் எமன். வாரிக் குவித்த உப்பு ஒரு மழையில் கரைந்து ஓடிவிடும். அதனால் அவர்களாக இரண்டு சட்டம் வைத்துக்கொண்டார்கள். குவியலை ஓலை போட்டு மூடி முடிக்கிற வரைக்கும் யாரும் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் மழை வரும். தவளை கத்தக் கூடாது, கத்தினால் மழை வரும். வானத்துக்கு வேறு வேலையே இல்லை பாருங்கள், இவர்கள் உட்காருகிறார்களா நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்கும்!

அந்த அளத்துக்குக் கங்காணி சங்கிலிமாடன். அவனுடைய கூடப்பிறந்த தங்கை உலகம்மாள், அங்கேயே உப்பு வாருகிறவள். அன்றைக்கு அந்த வருசத்தின் கடைசி வாரல். கிழக்கே கடலுக்கு மேலே ஒரு கறுத்த மேகம் எழும்பி நின்றது. சங்கிலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ம்... கைய வீசுங்க, கைய வீசுங்க" என்று வரப்பிலே மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தான்.

உலகம்மாள் தலைக்கூடையோடு பாத்தியிலிருந்து ஏறி வந்தாள். வரப்போரத்தில் கிடந்த தவளை வெடுக்கென்று தலையைத் தூக்கியது.

"ஏட்டி உலகு, கூடைய எறக்கு. ஒன் நெஞ்சு ரெண்டு அடி அடிச்சா மூணாவது அடியக் காணோம். உக்காருட்டி!"

உலகம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். அவளுக்கும் காலையிலிருந்து என்னவோ போலத்தான் இருந்தது. அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, ஒரு நிமிசம் உக்காந்துட்டு வாரேன்."

"என்னது? உக்காரப் போறியா?" சங்கிலி பாய்ந்து வந்தான். "மேகம் நிக்கிற நிப்பப் பாத்தியா? ஒனக்கு என்ன செய்யுது? காய்ச்சலா, ஒண்ணா? நல்லாத்தானே நிக்கே!"

"தவளையக்கா சொல்லுதா..."

"அது மழையக் கூப்பிடுது! கங்காணி தங்கச்சியே உக்காந்தா மத்தவ கேப்பாளா? நட!"

கூட வாருகிற மாடத்திக்கு மனசு கேட்கவில்லை. வயதிலே மூத்தவள், ஆனாலும் கங்காணி என்று மரியாதையாகத்தான் பேசினாள். "அண்ணாச்சி, அவ மொகமே சரியில்ல. என்ன செய்யுதுன்னு நான் கேட்டுக்கிடுதேன்."

"ஒண்ணுமில்ல! எல்லாம் நடிப்பு! நீ ஒன் கூடையத் தூக்கு."

தவளை விடவில்லை. தொண்டை கிழியக் கத்தியது. "ஏல சங்கிலி, வானத்தப் பத்தி நான் பேசலைல. ஒன் தங்கச்சியப் பத்திப் பேசுதேன்!"

சங்கிலி தவளையை எட்டிப் பிடித்தான். கழுத்தைச் சேர்த்து அமுக்கி, குவியலில் குழி பறித்து, உள்ளே திணித்து, மேலே நாலு கூடை உப்பைக் கொட்டினான். உயிரோடு. அட பாவி! நல்லது சொன்ன வாயில் மண்ணைப் போடுகிறவனைப் பார்த்திருக்கிறேன், இவன் உப்பையே போட்டான்.

சத்தம் நின்றது. உலகம்மாள் மறுபடியும் கூடையைத் தூக்கினாள். குவியலின் பாதி உயரம் ஏறினாள். அதற்கு மேல் ஏறவில்லை. கூடை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். மாடத்தி ஓடிப்போய் மடியில் போட்டுக்கொண்டு, "உலகு, உலகு, என்ன செய்யுது, சொல்லுட்டி" என்று கேட்டாள். பதில் சொல்ல அவள் இல்லை.

உலகம்மாளை உட்கார விடவில்லை, தவளையின் வாயையும் அடைத்தாயிற்று. அப்படியும் மழை வந்தது. வர வேண்டிய நேரத்துக்குச் சரியாக வந்தது. கொட்டு கொட்டென்று கொட்டி, குவித்த உப்பை எல்லாம் கரைத்துக் கடலுக்கே கொண்டுபோய்விட்டது. கரைந்த குவியலுக்குள்ளே தவளை கிடந்தது. சாகவில்லை. ஆனால் அதன் உடம்பிலிருந்த தண்ணீரை எல்லாம் உப்பு வெளியே இழுத்துவிட்டது. பழைய காய்ந்த தோல் உரிந்துபோய், மெல்லிசாக, சில்லென்று, பிசுபிசுத்துக் கிடந்தது.

சங்கிலி தங்கையின் தலைமாட்டில் குந்தியிருந்தான். தவளை தத்தித் தத்தி வந்து அவன் பிடரியில் ஏறியது. தன் ஈர வயிற்றை அழுத்தித் தேய்த்தது. அங்கிருந்து மாடத்தியின் கழுத்துக்கு, அடுத்தவன் முதுகுக்கு, அதற்கடுத்தவள் நெற்றிக்கு. நின்ற ஒருத்தரையும் விடவில்லை. பிறகு வரப்பில் ஏறி நின்று பேசியது. தவளை பேசின கடைசிப் பேச்சு அதுதான்.

"என் ஈரத்த ஒங்க தோலுக்குள்ள, ஒங்க வம்சத்துக்கே வச்சிட்டேன். பாசத்துல வைக்கல, ஆத்திரத்துல வச்சிருக்கேன். இனி உள்ள கோளாறுன்னா ஒங்க தோலே கத்தும். வெயிலு இருக்காது, வேல இருக்காது, சில்லுன்னு வேர்த்து ஒழுகும். அப்பவாவது ஒருத்தர ஒருத்தர் கேளுங்க. நான் மழையக் கூப்பிடுதேன்னுதானே சொன்னிய? நல்லது. இனி மழைக்கு மட்டும்தான் கத்துவேன். மனுசனுக்குக் கத்த மாட்டேன்."

சொல்லிவிட்டுப் பக்கத்துக் குளத்துக்குள் குதித்துப் போய்விட்டது.

அடுத்த வருசம் தை மாதம். நல்ல குளிர்காற்று. சங்கிலி பந்தலுக்குள் நின்று ஓலை கட்டிக்கொண்டிருந்தான். திடீரென்று அவன் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. பிடரியில் வழிந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. மாடத்தி பார்த்துவிட்டாள்.

"அண்ணாச்சி, என்ன இப்படி வேர்க்கு?"

"ஒண்ணுமில்ல. வெக்கை."

"வெக்கையா? இந்தக் காத்துலயா?" கூடையைப் போட்டுவிட்டு வந்தாள். புறங்கையை அவன் பிடரியில் வைத்தாள். தவளையைத் தொட்டது போலச் சில்லென்று இருந்தது. அவ்வளவுதான், மாடத்திக்கு வந்ததே கோபம்! அண்ணாச்சியாவது ஒன்றாவது.

"ஏல சங்கிலி, உக்காருல! ஒண்ணுமில்லங்கியா? அன்னைக்கும் இதத்தானல சொன்ன!"

தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தாள். சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டாள். கேள்வி மேல் கேள்வி கேட்டாள்.

"சாப்பிட்டியா? சாப்பிடலன்னா சொல்லு, கருப்பட்டித் தண்ணி கரச்சுத் தாரேன். எதையாவது கண்டு பயந்தியா? பயமுன்னா பக்கத்துல இருக்கேன், அது எறங்கிப் போகும். ராத்திரி காய்ச்சல் அடிச்சு இப்ப விடுதா? இல்ல, நெஞ்சுல எதுவும் செய்யுதா? வெக்கப்படாமச் சொல்லித் தொல!"

சங்கிலி வாயைத் திறந்தான். "நெஞ்சு மேல உப்பு மூட்டைய வச்ச மாதிரி இருக்கு. இடது கை கடுக்கு."

"அப்போ நீ ஒரு எட்டும் நடக்கப்பிடாது. ஏ, பலகையக் கொண்டாங்க!"

நாலு பேர் பலகையில் தூக்கிக்கொண்டு வைத்தியர் வீட்டுக்கு ஓடினார்கள். மேகம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. சங்கிலி பிழைத்தான். நல்லவள் செத்து இவன் பிழைத்தானே என்று எனக்கு ஆறவே இல்லை. ஆனால் தோல் ஆள் பார்த்துக் கத்துவதில்லை.

ஒரு மாதம் கழித்து அவன் மாடத்தியிடம் வந்தான். முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அக்கா, அன்னைக்கு அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ என்னைக் கேக்க விட்டாத்தானே."

அதற்குமேல் அவனோடு அவள் பேசவில்லை, கடைசி வரைக்கும்.

அன்றைக்குப் பிடித்துத்தான் தவளையின் தோல் காயாமல் சில்லென்று கிடக்கிறது, அது மழைக்கு மட்டும் கத்துகிறது. அன்றைக்குப் பிடித்துத்தான் வெயிலும் இல்லாமல் வேலையும் இல்லாமல் மனுசனுக்குக் குளிர்ந்து வேர்க்கிறது. வேர்த்தவனை உட்கார வைத்து, புறங்கையால் பிடரியைத் தொட்டுப் பார்த்து, "என்ன செய்யுது?" என்று நாம் கேட்பதும் அன்றைக்கு வந்த பழக்கம்தான். மின்விசிறிக்கு அடியில் வேர்த்து ஊற்றும்போதும் "ஒண்ணுமில்ல, வெக்கை" என்கிற ஆட்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டால் நான் சும்மா விடுவதில்லை. உலகம்மாளிடம் கேட்காமல் விட்டதை அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் நகருகிறேன்.