கல்லைத் தூக்கிய ராயசம்

வெள்ளானைக்குறிச்சிப் பாளையத்து ராசா சூரரங்கபூபதிக்கு வருஷத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். போன வருஷம் கிளி வளர்ப்பு. கிளிகள் எல்லாம் ராசாவைத் திட்டப் பழகிக்கொண்டதோடு அது ஓய்ந்தது. இந்த வருஷம் உடம்பு வளர்ப்பு.

மல்யுத்தம் சொல்லிக்கொடுக்க இடும்பன் என்று ஒரு வஸ்தாதை வரவழைத்தார். மலை மாதிரி ஆள். அரண்மனைக்குப் பின்னால் மண்ணைப் பஞ்சாகக் கொத்திப் போட்டு ஒரு கோதா அமைத்தார்கள். அதன் நடுவே வழவழவென்று ஒரு இளவட்டக்கல். காலையும் மாலையும் ராசா கச்சை கட்டிக்கொண்டு அதைத் தூக்குவார். தூக்குவார் என்றால், அவர் 'ஹும்' என்பார். பின்னாலிருந்து நாலு பேர் தூக்குவார்கள். கல் முழங்கால் வரைக்கும் வந்ததும், "அடடா, பீமசேனன்!" என்று எல்லாரும் கைதட்டுவார்கள்.

நல்லகுற்றாலம் மட்டும் தட்டவில்லை. அவர் அரண்மனை ராயசம். ராசாவுக்கு வரும் ஓலைகளைப் படித்துப் பதில் எழுதுவது அவர் வேலை. எழுத்தாணிக்கு மேல் கனமான எதையும் தூக்கி அறியாத உடம்பு.

"என்ன ராயசம், பேச்சையே காணோம்?" என்றார் ராசா.

"யாரைப் பாராட்டுவது என்று யோசிக்கிறேன் மகாராசா. தூக்கிய ஐந்து பேரில் மூச்சு வாங்காதவர் தாங்கள் ஒருவர்தான்."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். ராசாவின் முகம் சுண்டிப்போயிற்று. இடும்பன் சமயம் பார்த்து முன்னால் வந்தார்.

"கேலி பேசுகிறவர் தனியாகத் தூக்கிக் காட்டட்டுமே, மகாராசா!"

"அதானே! ஓய் ராயசம், வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் கல்லைத் தூக்கும். இல்லையென்றால் உமக்குத் தூக்கு!"

நல்லகுற்றாலம் ஒரு கும்பிடு போட்டார். "உத்தரவு. ஆனால் தீர்ப்புச் சொல்வது யார்? வஸ்தாது என்றால் நான் பொதிகை மலையைத் தூக்கினாலும் இல்லை என்பார்."

"நான்தான் சொல்வேன். 'தூக்கிவிட்டார்' என்று என் வாயால் வந்தால் உம்முடைய கழுத்து பிழைத்தது. போம்!"

மூன்று நாள் கொள்ளுக் கஞ்சி குடித்தார் ராயசம். வியாழக்கிழமை காலையில் போய்க் கல்லைக் கட்டிப்பிடித்தார். திட்டினார், கெஞ்சினார். கல் அசையவில்லை. இடுப்புதான் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துவிட்டார். நாளை இந்நேரம் நம் கால் தரையில் இருக்குமா என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

அப்போது அவர் மனைவி உலகம்மை கொல்லையிலிருந்து தலைதெறிக்க ஓடிவந்தாள்.

"கேட்டீங்களா! வெயில்ல காய வச்ச அண்டாவை எவனோ தூக்கிட்டான்!"

"எந்த அண்டா?"

"எங்க அம்மா குடுத்த பெரிய அண்டா. ரெண்டு ஆள் பிடிச்சாலும் அசையாது."

"தூக்கினவனைப் பாத்தியா?"

"பாத்திருந்தா விட்டிருப்பேனா? காலையில இருந்துச்சு, இப்பக் காணல. தூக்கிட்டான்னு சொல்ல அவனைப் பாக்கணுமாக்கும்?"

நல்லகுற்றாலம் எழுந்து உட்கார்ந்தார். இடுப்பு வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"உலகு, மண்வெட்டி இருக்கா? இல்ல, அதையும் தூக்கிட்டானா?"

"இருக்கு."

"எடு!"

உச்சி வெயிலில் கோதாவில் ஈ காக்கை இல்லை. அந்தக் கல்லுக்குக் காவல் போட யாருக்குத் தோன்றும்? ஒரு படிச் சோறும் முழுக் கோழியும் சாப்பிட்ட வஸ்தாது வேப்பமரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கல்லின் காலடியில் உலகம்மை மளமளவென்று வெட்டினாள். ராயசம் அவளுக்குக் குடை பிடித்தார். பள்ளம் ஆழமானதும் கல் தானாகவே சரிந்து, சொத்தென்று உள்ளே உட்கார்ந்தது. மேலே மண்ணைத் தள்ளி நிரவினார்கள். வஸ்தாது புரண்டு படுத்தார்.

சாயங்காலம் சங்கு ஊத, பரிவாரத்தோடு ராசா வந்தார். கோதாவின் நடுவில் போய் நின்று குனிந்தார். கல்லைக் காணோம்.

"அடேய்! என் கல்லை எவன்டா தூக்கினது?"

"அடியேன்தான்" என்றார் நல்லகுற்றாலம்.

"நீரா? அடப்பாவி! கண்ணைப் போல வைத்திருந்த கல்லைத் தூக்கிவிட்டீரே! எல்லாரும் கேளுங்கள், இந்த ராயசம் என் கல்லைத் தூக்கிவிட்டார்!"

"இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள் மகாராசா. வஸ்தாது இப்போதுதான் விழித்திருக்கிறார்."

ராசா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். இடும்பன் பாய்ந்து வந்தார்.

"மோசம்! இது திருட்டு! திருட்டுக்கும் தூக்குதான்!"

"திருட்டா? கல் கோதாவை விட்டுப் போகவே இல்லையே. மகாராசா அதன் மேல்தான் நிற்கிறார்."

ராசா துள்ளி விலகினார். காலால் மண்ணைக் கிளறினால், கல்லின் வழுக்கைத் தலை தெரிந்தது.

"இறக்கியல்லவா வைத்திருக்கிறார்! தூக்கவே இல்லை!" என்று கத்தினார் இடும்பன்.

"சரி வஸ்தாதே, நான் தூக்கவில்லை. அப்படியென்றால், தூக்கிவிட்டதாக இத்தனை பேர் முன்னால் மகாராசா சொன்னது பொய். அதையும் உம்முடைய வாயாலேயே சொல்லிவிடும்."

இடும்பன் ராசாவைப் பார்த்தார். ராசா இடும்பனைப் பார்த்தார்.

முதலில் ராசாவின் தொப்பை குலுங்கியது. பிறகு தோள். அப்புறம் கச்சை அவிழ்கிற அளவுக்கு ஒரு சிரிப்பு. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வஸ்தாது, அந்தக் கல்லைப் பள்ளத்திலிருந்து எடும். தனியாக!" என்றவர் ராயசத்தின் பக்கம் திரும்பினார். "ஓய், உமக்குப் பிரதானி பதவி! இன்றைக்கே உம்மைத் தூக்கிவிடப் போகிறேன்!"

நல்லகுற்றாலம் சட்டென்று கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"பதவியைக் கொடுங்கள் மகாராசா, வாங்கிக்கொள்கிறேன். தூக்க மட்டும் வேண்டாம். ஒரு ஏணி தந்தால் நானே ஏறிக்கொள்வேன்."